பொட்டு வைத்த சுவர்

கொழும்பு 11
2024 ஜூலை 4

தம்பி சுரேசுக்கு,

மே மாதம் முழுவதும் உன் வீட்டில் நான் பூ வைத்துக் கும்பிட்டது சாமியை இல்லை, சுவர் வெடிப்பை. நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சொன்னவர் ஜுனைதீன் நானா. பசறையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறவர் என் கடையில்தான் கூரைக்குப் போடுகிற தறப்பாள் எடுக்கிறார் என்பது உனக்கு மறந்துபோயிருக்கும். ரோலைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே கேட்கிறார்: "என்ன தங்கச்சி, தம்பி இன்னம் அந்தத் தோட்டத்து லயத்துலயா ஈக்கிறான்? மழ பெஞ்சா வெளியே போங்கன்னு ஆபீசர்மார் வந்து சொல்லிட்டுப் போன லயமில்லையா அது?"

வேறு யாரோ சுரேஸ் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் விடவில்லை. "அரை மூட்டை சீமெந்து வாங்கிட்டுப் போனான், அப்புறதுக்கு. அதுவும் பிளந்துட்டாம். இப்ப வெடிப்பு எங்க முடியுதோ அங்க ஒரு பொட்டு வெக்கிறானாம், ஓடுதா நிக்குதான்னு பாக்க."

அதற்கு மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கர்ப்பப்பையை எடுத்துப் போட்ட உடம்போடு உன் வீட்டுக்கு வந்தேன். பாரம் தூக்காதே, சத்தம் போடாதே, கடைப் பக்கம் போகாதே, சொந்தக்காரர் வீட்டில் போய்ப் படு என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். படுத்தேன். சிவசக்தி தந்த கோழிச்சாறும் முருங்கையிலைச் சுண்டலும் உன் வீட்டுக் காற்றும் என்னை எழுப்பி உட்கார வைத்தன. அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. காலையில் குளித்துவிட்டு முன்னறையிலிருந்து உள் காம்பராவுக்கு வருவேன். அலுமாரிக்குப் பக்கத்தில், புதுச் சுண்ணாம்புச் சுவரில், சந்தனமும் குங்குமமுமாக வரிசையாய்ப் பொட்டு, மேலே ஏறிப் போகும். "இது எந்தச் சாமி?" என்று உன் மனைவியிடம் கேட்டேன். "வீட்டுச் சாமிக்கா" என்றாள். நம்முடைய ஆட்கள் கல்லுக்கும் பொட்டு வைப்பார்கள், மரத்துக்கும் வைப்பார்கள். நான் நம்பினேன். உன்னையே பசறைக்கு அனுப்பிப் பூ வாங்கினேன். நீயும் வாங்கி வந்தாய்! சூடம் கொளுத்தி, தையல் ஆற வேண்டும், கடை நல்லபடி ஓட வேண்டும், உன் பிள்ளைகள் இரண்டும் படித்து மேலே வர வேண்டும் என்று கேட்டேன். யாரிடம் கேட்டேன் சுரேஸ்?

வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் ஒரு கெஜம் தறப்பாள் வாங்காதவள் நான். என் தலையிலேயே இதைக் கட்டிவிட்டீர்கள்.

போனில் நான் கத்தத் தொடங்கியதும் கட் பண்ணினாய். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. சரி, கடிதத்தைக் கட் பண்ண முடியாது. தோட்டத்து ஆபீசுக்குப் போட்டால் எப்போது கையில் கிடைக்குமோ. நானாவின் கடை மூலம் அனுப்புகிறேன், நீயும் அங்கேயே கொடு. எப்போதிலிருந்து வெடித்திருக்கிறது? அந்தப் பக்கம் மலைதானே, மலை நகர்கிறதா? அக்டோபரில் அங்கே மழை பிடித்துக்கொள்ளும். அதற்கு முன் என்ன செய்யப் போகிறாய்?

பதில் வேண்டும்.

ஆத்திரத்தோடு,
உன் அக்கா கலாராணி


வெள்ளைப்பாறைத் தோட்டம்
மேல் டிவிசன், பசறை
ஜூலை 16

அன்பும் பண்பும் நிறைந்த அக்கா அவர்களுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. கடவுள் கிருபையால் நானும் சிவசக்தியும் பிள்ளைகளும் இங்கு சுகம். அங்கு உங்கள் சுகத்துக்கும் தினமும் வேண்டிக்கொள்கிறோம்.

மாடு கன்று போட்டிருக்கிறது. பெண் கன்று. நெற்றியில் வெள்ளை. சின்னவள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதோடுதான் இருக்கிறாள். இங்கே தேயிலைக் கொழுந்து குறைவு, வெயில் சரியில்லை. உங்கள் காயம் ஆறிவிட்டதா? பாரம் தூக்க வேண்டாம். கருவாடு கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்று சிவசக்தி சொல்கிறாள். நீங்கள் மறந்து விட்டுப்போன ஸ்வெட்டர் துவைத்து வைத்திருக்கிறது.

சுவர் சும்மாதான் இருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி
சுரேஸ்


கொழும்பு 11
ஜூலை 25

சுரேசுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகம். மாடும் சுகம், கன்றும் சுகம். நான் கேட்டது சுவரை.

"சும்மாதான் இருக்கிறது" என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? சும்மா இருக்கிற சுவருக்கு யாராவது சீமெந்து அப்புவார்களா? சும்மா இருக்கிற சுவரை மறைக்க அலுமாரியை நகர்த்துவார்களா? அந்த அலுமாரி முன்பு ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது, எனக்கு நினைவிருக்கிறது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உடம்பு சுகமில்லாதவளுக்குக் கண்ணும் மங்கிவிடும் போலிருக்கிறது.

இனி நான் சொல்வதைக் கேள். கடைக்கு மேல் ஸ்டோர் அறை ஒன்று சும்மா கிடக்கிறது. நாலு பேரும் வந்துவிடுங்கள். நீ கீழே சாமான் இறக்கி ஏற்றுவதைப் பார்த்துக்கொள். சிவசக்தி நமக்கும் கடைப் பையன்மாருக்கும் சமைக்கட்டும். பிள்ளைகளை இங்கே பள்ளிக்கூடத்தில் போடலாம், நான் பேசுகிறேன். ஆகஸ்ட் லீவுக்குள் மூட்டை கட்டு. யோசிக்க இதில் எதுவும் இல்லை.

இதோடு நானாவின் லொறியில் நல்ல கனத் தறப்பாள் ஒரு ரோல் அனுப்பியிருக்கிறேன். வரும்வரைக்கும் கூரைக்கும் பின்பக்கத்துக்கும் போடு.

உடம்பைப் பார்த்துக்கொள். என்னைப் பேச வைக்காதே.

அக்கா


மேல் டிவிசன்
ஆகஸ்ட் 9

மரியாதைக்குரிய அக்காவுக்கு சிவசக்தி எழுதுவது. நல்லா இருக்கீங்களா? இங்கே எல்லாரும் நல்லா இருக்கிறோம். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். மலையில் கொழுந்து நிறுக்கிற நேரம் உட்கார்ந்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும்.

சாமி என்று சொன்னது நான்தான். அவரைத் திட்ட வேண்டாம். நீங்கள் கையில் பூவோடு நின்று கேட்டீர்கள். அந்த முகத்தைப் பார்த்து வெடிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெளியே வந்து அவரிடம் சொன்னேன். "அட லூசு, இனி அக்கா தெனமும் கும்புடுமே, என்னா செய்யப்போற?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் மாட்டுக் கொட்டிலில் போய்ச் சிரித்தோம். மன்னிக்கணும். இந்த வருசத்தில் நாங்கள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

வெடிப்பு போன வருச மழையில் விழுந்தது. ஆபீசர்மார் வந்து அளந்தார்கள். கடும் மழை என்றால் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடச் சொன்னார்கள். போனோம், வந்தோம், திரும்பப் போனோம். எங்கேயாவது ஒரேயடியாகப் போங்கள் என்று யாரும் இடம் காட்டவில்லை. தோட்டம் தந்த இந்த லயக் காம்பரா, நான் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவரைக்கும்தான் எங்களுக்கு. வேலையை விட்டுக் கொழும்புக்கு வந்தால் காம்பராவும் போகும், புது வீட்டுப் பட்டியலில் உள்ள பேரையும் வெட்டிவிடுவார்கள். அந்தப் பேருக்காக அவர் எத்தனை தடவை ஆபீஸ் வாசலில் நின்றார் என்று உங்களுக்குத் தெரியாது.

இன்னொன்று சொல்ல வேண்டும். நீங்கள் கும்பிட்ட மாதம் வெடிப்பு ஒரு விரல்கூட ஓடவில்லை. நீங்கள் போன பிறகு நானும் காலையில் ஒரு தடவை கும்பிட்டுவிட்டுத்தான் மலைக்குப் போகிறேன். இதையும் அவரிடம் சொல்லவில்லை.

நீங்கள் எழுதிய கடிதத்தை வாசித்துவிட்டு அன்றைக்கு அவர் சோறு சாப்பிடவில்லை. சாமான் இறக்குவது, சமைப்பது என்று எழுதியிருந்தீர்கள். வேறு ஒன்றும் இல்லை.

கருவாடு சாப்பிட வேண்டாம்.

இப்படிக்கு,
சிவசக்தி


கொழும்பு 11
ஆகஸ்ட் 19

சிவசக்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உண்மையை எழுதியதற்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே. மாட்டுக் கொட்டிலில் போய்ச் சிரித்தீர்களாம்! நான் உள்ளே கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன், நீங்கள் வெளியே சிரிக்கிறீர்கள். நல்ல குடும்பம்.

வேலைக்காரி வேலை என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினாலு வயதில் கொழும்பில் ஒரு வீட்டுக் குசினித் தரையில் படுத்து எழுந்தவள் நான். அதற்குப் பிறகு நடைபாதையில் பொலித்தீன் பை விற்று, அடி வாங்கி, இந்தக் கடையைப் பிடித்தேன். தம்பியை எடுபிடியாக்கத்தான் இவ்வளவு பாடுபட்டேனா? இருக்கிற இடத்தில் இருக்கிற வேலையை எழுதினேன். எனக்குச் சுற்றி வளைத்து எழுதத் தெரியாது.

காம்பரா போய்விடும் என்று எழுதியது எனக்கு விளங்குகிறது. அதை யோசிக்க வேண்டும்.

ஆனால் விளங்காதது ஒன்று இருக்கிறது. வாசல் இஸ்தோப்பை அடைத்துக் கட்டின முன்னறையை எனக்குத் தந்தீர்கள். கட்டிலும் அங்கேதான். அந்த வெடிப்பு உள் காம்பராவில். நான் இருந்த மாதம் பிள்ளைகள் எங்கே படுத்தார்கள்? பக்கத்து வீட்டில் என்று அப்போது சொன்னாய். பக்கத்து வீட்டில் ஏற்கெனவே ஏழு பேர். நான்தான் எண்ணிப் பார்த்திருக்கிறேனே.

இதற்கு மட்டும் பதில் எழுது.

அக்கா


கொழும்பு 11
செப்டம்பர் 21

சுரேசுக்கு,

ஒரு மாதமாக உன் வீட்டிலிருந்து ஒரு வரி இல்லை. நேற்று நானாவின் லொறி வந்தது. என் தறப்பாள் ரோல், கட்டின கயிறுகூட அவிழ்க்காமல், என் கடை வாசலில் இறங்குகிறது. "நான் ஒண்ணும் கேக்கல்ல தங்கச்சி, அவனும் ஒண்ணும் சொல்லல்ல" என்கிறார் நானா. கடைப் பையன்மார் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். யாவாரம் தொடங்கின நாளிலிருந்து என் சாமானை யாரும் இப்படி முகத்தில் எறிந்ததில்லை.

திரும்பி வந்த சாமானை எந்தக் கடைக்காரியும் காரணம் கேட்காமல் உள்ளே எடுக்கமாட்டாள். குறை என்ன? எழுது. வாய்க்குள் வைத்துக்கொண்டு மாட்டைப் பற்றி எழுதாதே.

எல்லாரும் சுகம்தானே?

கலாராணி


மேல் டிவிசன்
செப்டம்பர் 30

அக்கா,

குறையைக் கேட்டாய். எழுதுகிறேன்.

மழை வந்தால் உனக்கு யாவாரம், எங்களுக்கு ஓட்டம். எங்கள் தலைக்கு மேல் மலை வரப்போகிறது என்றால் உனக்குத் தோன்றுவது ஒரு ரோல் தறப்பாள். மலையைத் தறப்பாளால் மூடலாம் என்று எந்தக் கடையில் படித்தாய்? எங்களையும் ஓட்டை விழுந்த சாமான் மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாய். கடிதத்துக்குக் கடிதம் அதுதான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். சொல்லியிருந்தால் வந்திருப்பாயா? வந்திருந்தால் தூங்கியிருப்பாயா? ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது எலும்பும் தோலுமாகக் கிடந்தாய். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் கடைக் கணக்குச் சொல்ல ஒருத்தன் நிற்கிறான், தண்ணீர் தர ஆள் இல்லை. நம்ம வீட்டுக்கு வா என்று கூப்பிட எனக்கு வேறு வீடு இல்லை. இருக்கிற வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக் கூப்பிட்டேன். நீ வந்தாய், தின்றாய், தூங்கினாய், கன்னத்தில் சதை பிடித்துப் போனாய். அதில் உனக்கு நாங்கள் என்ன மோசம் செய்துவிட்டோம்?

பிள்ளைகள் எங்கே படுத்தார்கள் என்று சிவசக்தியிடம் கேட்டிருக்கிறாய். அவள் அழுதுகொண்டு அந்தக் கடிதத்தை என்னிடம் காட்டினாள். எங்கே படுப்பார்கள்? எப்போதும் படுக்கிற இடத்தில். அந்தச் சுவருக்குக் கீழே. முன்பு மழை என்றால் அவர்களை முன்னறைக்கு மாற்றுவோம். நீ இருந்த மாதம் மாற்ற இடம் இல்லை. மழை பெய்தால் நானும் அவளும் மாறி மாறி விழித்திருந்தோம். "என்னா தம்பி, தூக்கம் வரல்லியா?" என்று நீயே ஒருநாள் கேட்டாய். ரேடியோ கேட்கிறேன் என்றேன். ரேடியோவில் பேட்டரி இல்லை.

இதை எழுத வைத்துவிட்டாய். இப்போது சந்தோசமா?

சுகம் விசாரிக்க எனக்கு மனசு இல்லை.

சுரேஸ்


மேல் டிவிசன்
அக்டோபர் 22

அக்காவுக்கு,

நீங்கள் எழுதவில்லை. கோபம் என்று தெரியும். உடம்பு எப்படி?

மழை பிடித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் இருந்துவிட்டு நேற்று வந்தோம். வந்து பார்த்தால் பழைய பொட்டுகளையெல்லாம் தாண்டி வெடிப்பு மேலே போயிருக்கிறது. அவர் ஸ்டூல் போட்டு ஏறிப் புதுப் பொட்டு வைத்தார். அதற்கு மேல் வைக்கச் சுவர் இல்லை, கூரைத் தகரம்தான்.

சிவசக்தி


கொழும்பு 11
அக்டோபர் 26

சுரேசுக்கும் சிவசக்திக்கும்,

நான் சுகம். உங்கள் சுகத்தை நான் கேட்டு நீங்கள் எழுதித் தெரிய வேண்டியதில்லை.

தம்பி, முதல் தடவையாக என்னை நீ என்று எழுதியிருக்கிறாய். பரவாயில்லை, உன்னிடமிருந்து வந்த உருப்படியான கடிதம் அது ஒன்றுதான். படித்த அன்றைக்கு உனக்குப் பதில் எழுதினேன், கிழித்தேன். திரும்ப எழுதினேன், கிழித்தேன். அதில் எழுதியிருந்ததெல்லாம் இங்கே வேண்டாம். என் தூக்கத்துக்கு உன் பிள்ளைகளைச் சுவருக்குக் கீழே போட்டாய். அதற்கு நான் உன்னை மன்னிக்கமாட்டேன். என்னைக் கேட்காமல் எனக்கு இப்படி ஒரு நல்லது செய்ய உனக்கு யார் உரிமை தந்தது?

கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு யாவாரம் பேசுவோம். அது எனக்குத் தெரிந்த வேலை.

ஸ்டோர் அறை வேண்டாம், கொழும்பு வேண்டாம். ஜுனைதீன் நானாவின் கடைக்குப் பின்னால் அவருடைய மூத்த மகள் ஸகீனா இருந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. அவள் புருசனோடு கட்டாருக்குப் போய்விட்டாள். இரண்டு அறை, குசினி, தண்ணீர், கரண்ட். நான் போன வாரம் வெள்ளிக்கிழமை ரயிலேறி பதுளையில் இறங்கி, பஸ் பிடித்து பசறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. பின்பக்கம் மலை இல்லை, தெரு. ஒவ்வொரு சுவரையும் தட்டிப் பார்த்தேன், நானா சிரித்தார். "சாமி ஒண்ணும் இல்ல தங்கச்சி, வெறும் சுவர்தான்." அவர் காதுக்கும் கதை போயிருக்கிறது. போகட்டும்.

சிவசக்தி காலை பஸ்ஸில் மலைக்கு வேலைக்குப் போகலாம். வேலைக்கு வந்ததாகப் பேர் விழும், காம்பரா உங்கள் பேரிலேயே இருக்கும், பூட்டி வையுங்கள். புது வீட்டுப் பட்டியலில் யாரும் கை வைக்க முடியாது. சங்கத் தலைவரிடம் கேட்டேன், தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடமும் கேட்டேன். இரண்டு பேரும் ஒரே பதில் சொன்னதால் நம்பினேன்.

இது தருமம் இல்லை. எனக்கும் அங்கே பங்கு வேண்டும். டாக்டர் வருசத்துக்கு ஒரு மாதமாவது கடையை விட்டுப் போ என்கிறார். போவதற்கு எனக்கும் ஒரு வீடு வேண்டும். ஆகவே வாடகையில் பாதி என்னுடையது. உன் பேரத்தைச் சொல். ஆனால் மழை காத்திருக்காது, அதனால் நாலு நாளைக்குள் சொல்.

அக்கா


பசறை
நவம்பர் 6

அக்காவுக்கு,

இங்கே சுகம். மேலே எழுதியிருக்கிற ஊரைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வந்தோம். உங்கள் கடிதத்துக்காக வந்தேன் என்று நினைக்க வேண்டாம். சின்னவள் தன் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டிலில் போய் உட்கார்ந்துவிட்டாள், வீட்டுக்குள் வரமாட்டேன் என்று. அதற்காக வந்தேன்.

சுவர் இன்னும் விழவில்லை. "கொழும்பு அக்கா சொன்னதும் ஓடிட்டான்" என்று லயத்தில் பேச்சு. மாட்டைப் பார்க்க நான் தினமும் போகிறேன், தினமும் கேட்கிறேன். சிரிக்கிறவர்கள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். அந்த வெடிப்பு இப்போது பக்கத்துக் காம்பராவுக்குள்ளும் போயிருக்கிறது. நேற்று எட்டிப் பார்த்தேன். அவர்களும் ஒரு பொட்டு வைத்திருக்கிறார்கள். அக்கா, நான் யாரைத் திட்டுவது?

என் பேரத்தைக் கேட்டீர்கள். பாதி வாடகையை என் கையால்தான் நானாவிடம் கொடுப்பேன், நீங்கள் முந்திக்கொள்ளக் கூடாது. முற்பணம் நீங்கள் கட்டியதாக நானா சொன்னார். அதை மாதாமாதம் கழிப்பேன். கடும் மழை என்றால் பக்கத்துக் காம்பரா ஆட்களைக் கூட்டி வருவேன், உங்கள் அறையிலும் படுப்பார்கள். முகத்தைத் தூக்கக் கூடாது. சிவசக்தி சமைப்பாள், அவளுக்குப் பிடித்ததால். நீங்கள் சொன்னதால் இல்லை. இனி எங்கள் வீட்டில் எதற்குப் பூ வைக்கிறீர்கள் என்று முதலில் என்னைக் கேட்க வேண்டும்.

ஸ்வெட்டர் இங்கே கொண்டு வந்தாயிற்று.

சுரேஸ்


கொழும்பு 11
நவம்பர் 12

தம்பி,

சுகம். கோபம் தீரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்வேன், உனக்கு ஆட்சேபனை இருக்காது.

நீ திருப்பி அனுப்பிய ரோல் இங்கே வாசலிலேயே கிடக்கிறது. அதைப் பக்கத்துக் காம்பராக்காரர்களுக்கு அனுப்பப் போவதில்லை. மலையை மூட முடியாது என்று நீ எழுதியது சரிதான். அவர்கள் கையில் தறப்பாள் இருந்தால் இன்னும் ஒரு மழை பார்ப்போம் என்று இருந்துவிடுவார்கள். வேன் கூலி நான் தருகிறேன். கடும் மழை தொடங்க முன் கூட்டி வா, தொடங்கின பிறகு இல்லை. என் அறையில் எத்தனை பேர் படுத்தாலும் சரி.

பேசி முடித்ததை எழுதிவிடுகிறேன், பிறகு நீ ஒன்று நான் ஒன்று சொல்லக் கூடாது. வாடகை மாதம் பதினாறாயிரம். நானா பதினெட்டு கேட்டார், நான் குறைத்தேன். எட்டு உன் கையால், எட்டு என் கையால். முற்பணத்தை நீ மாதம் இரண்டாயிரமாகக் கழி. மே மாதம் நான் வருவேன், வந்த அன்றைக்கு நானே சாமான் வாங்கிச் சமைப்பேன், சிவசக்தி அன்றைக்குக் கால் நீட்டி உட்கார வேண்டும். பூ விஷயம் நீ சொன்னபடி. வாசல் பக்க அறை பிள்ளைகளுக்கு. சுவர்ப்பக்கம் நான் படுப்பேன். கடைசியாகச் சொன்னதில் மட்டும் பேரம் இல்லை.

அக்கா